சாம்பல் தூவிய பங்களா கேக்

இன்று என் புது மின்சாரப் போறணையில் கேக் கருகிய வாசம் எழுந்ததும், இப்போது புல் மூடிக் கிடக்கும் எங்கள் நோர்வூட் தேயிலைத் தோட்டத்து லய வீடும், மணல் பரப்பிய சட்டிக்குள் கேக்கை வைத்து, மூடிமேல் தணல் கொட்டி அம்மா காத்திருந்த தீபாவளிக் காலையும் நினைவுக்கு வந்தன. அம்மாவுக்குத் தோட்டத் துரையின் பங்களா குசினியில் சமையல் வேலை. "பங்களா கேக்கு" என்று லயம் முழுக்கச் சொல்லியிருந்தாள். வெந்துவிட்டதா என்ற விஞ்ஞான ஆர்வத்தில் நான் மூடியைத் தூக்க, சாம்பல் கேக்கில் கொட்டியது. அதற்குள் பக்கத்துக் காம்பரா மாரியாயி அத்தை வந்துவிட்டாள்.

"என்னக்கா, மேல சாம்பலா இருக்கு?"

"தொரை வீட்டுல இப்படித்தான் தூவுவாங்க. வயித்துக்கு நல்லதாம்."

அத்தை பயபக்தியோடு தின்றாள். அடுத்த தீபாவளிக்குத் தானே சுட்ட கேக்கைக் கொண்டுவந்தாள். மேலே தாராளமாகச் சாம்பல். அம்மா முகம் மாறாமல் தின்று, இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினாள்.