வீட்டுக்காரர் கேட்ட நகல்

அப்பா தன் ராணுவ அடையாள அட்டையை யாரிடம் காட்டினாலும் எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் காட்டுவார். "அத்தான் அட்டையக் கட்டிக்கிட்டாரு. அக்காவச் சும்மா துணைக்குக் கூட்டிட்டு வந்திருக்காரு" என்பார் மாமா.

நான் பிறக்க ஒரு மாதம் இருந்தது. அப்பாவும் அம்மாவும் மாடியில் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். தண்ணீருக்குப் படி இறங்க வேண்டும். அம்மாவுக்கு முடியவில்லை. அப்பாவின் விடுமுறை தீர நான்கு நாள். முகாமுக்குப் பின்தெருவில் ஒரு வீடு அமைந்தது. உள்ளேயே குழாய், சமையலறையில் பெரிய ஜன்னல்.

"பாத்த உடனே மனசுக்குள்ள பால் காய்ச்சிட்டேன்" என்று அம்மா இன்றும் சொல்வாள்.

"சாவிய இப்பவே தர்றேன் தம்பி. கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு குடுத்துடுங்க" என்றார் வீட்டுக்காரர்.

அப்பா அட்டையை எடுத்துக் காட்டினார். "நல்லாப் பாத்துக்குங்க சார். நகல் மட்டும் குடுக்கக் கூடாது. ஆபீஸ்ல லெட்டர் வாங்கித் தர்றேன்."

"முன்னாடி இருந்தவங்க குடுத்தாங்களே. அவங்க பட்டாளம் இல்லியா?"

அம்மா அப்பாவின் சட்டையை இழுத்தாள். "சுவத்துலயா ஒட்டப் போறாரு? குடுத்துத் தொலைங்க."

அப்பா அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"யோசிச்சு வாங்கம்மா" என்று வீட்டுக்காரர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்து, பின்பக்கத்தில் நிபந்தனைகளை எழுதித் தந்தார். ஆணி அடிக்கக் கூடாது. மாடியில் துணி உலர்த்தலாம்.

மடிக்கும்போது அம்மா தாளைத் திருப்பினாள். யாரோ ஒருவருடைய ராணுவ அட்டையின் நகல். மீசை சரியாக முளைக்காத முகம். எண், பிறந்த தேதி, ரத்தப் பிரிவு, ஊர் முகவரி, இடது புருவத்தில் தழும்பு.

"இந்தத் தம்பி இப்ப எங்க?"

"எல்லையில எங்கயோ போட்டதாக் கேள்வி. காலி பண்ணி மூணு வருஷமாச்சு."

அம்மா தாளைக் கைப்பைக்குள் வைத்தாள். "வாங்க, போகலாம்."

தெருமுனையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்பா நின்றார். "உனக்கு முடியலன்னா சொல்லு. குடுத்துடறேன்."

"குடுத்துப் பாருங்க."

நான் பிறந்து வந்தது அந்த ஒற்றை அறைக்குத்தான். ஆறு மாதம் மாமாதான் தண்ணீர் தூக்கினார்.

அந்தத் தாளை அம்மா வீடு பார்த்துவந்த அன்று மாலையே அடுப்பில் போட்டாள். முகத்தை மட்டும் கத்தரித்து வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியதாம். பிறகு அதையும் சேர்த்தே போட்டாள்.