அக்கா பாடமாக்கிய ஆங்கிலச் சொல்

எங்கள் வீட்டில் ஆங்கிலத்தையும் தேவாரம் போலத்தான் படித்தோம். முதலில் பாடமாக்கு, விளங்குவது பிறகு விளங்கும் என்பது அம்மாவின் கட்சி.

அக்காவுக்குப் பேசிய லண்டன் அத்தான் இரண்டு கிழமை லீவில் வந்து, அவளோடு கலியாணப் பதிவு எழுத்தை முடித்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். விசா கிடைக்க அக்கா கொழும்பில் ஆங்கிலம் பேசிச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். 'கெற்' (get) என்ற ஒரு வினைச்சொல்லை முழுதாகப் பிடித்தால் பாதி ஆங்கிலம் கைக்குள் என்று கொடிகாமத்து ரியூசன் மாஸ்டர் யாரிடமோ சொன்னாராம். அது அம்மாவின் காதுக்கு எட்ட, அப்பா பெரிய ஆங்கில-தமிழ் அகராதி ஒன்றை இரவல் வாங்கி வந்தார்.

அந்தச் சொல்லுக்கு மட்டும் இரண்டு பக்கம். ஒன்றை வாங்கினால் கெற், ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் கெற், காய்ச்சல் பிடித்தால் கெற், விளங்கினாலும் கெற். படுக்கையை விட்டு எழும்புவதற்கும் அதைத்தான் கூப்பிட வேண்டும். கடைசியில் அதன் பூர்வீகமும் இருந்தது. முன்னொரு காலம் வடக்கேயிருந்து கப்பலில் வந்தவர்கள் இங்கிலாந்தில் விட்டுப்போன சொல்லாம். போர்த்துக்கேயர் எங்களுக்குக் கதிரை, அலுமாரி என்ற சொற்களை விட்டுப்போன மாதிரி என்றாள் அக்கா.

கேள்வி கேட்பது பத்து வயதான என் வேலை. முன்பள்ளியில் படிப்பித்துவிட்டு வந்து, தேங்காய் துருவிக்கொண்டே அக்கா சொல்லுவாள். ஒரு பிழை வராது.

நான் மழை பெய்தால் கிணறு வழிந்து வீட்டுக்குள் வருமோ என்று பயப்படுகிற பிள்ளை. அப்படிப்பட்ட நானே ஒருநாள் அகராதியின் அந்தப் பக்கத்தில் தேத்தண்ணியை ஊற்றிவிட்டேன். ஒட்டிக்கொண்ட தாளைக் காயவைத்து உரிக்க, அடியிலிருந்த ஐந்து அர்த்தங்கள் கையோடு வந்துவிட்டன. துண்டை அடுப்பில் போட்டேன். பிறகு அந்த ஐந்தையும் கேட்காமலே தாண்டிப் போனேன்.

அப்பாவோடு கொழும்புக்குப் போன அக்கா பெயிலாகி வந்தாள். அம்மா அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. அந்த ஐந்தைத்தான் கேட்டிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, மூன்றாம் நாள் காய்ச்சல். பாயில் கிடந்தபடி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ எரிச்சது ஒண்டும் அங்கை கேக்கேல்லையடி," என்றாள். "பேர் என்ன, ஊர் எது, வீட்டிலை ஆர் ஆர், உவ்வளவும்தான் கேட்டவை. நான்தான் வாய் திறக்கேல்லை."

"மறந்து போச்சோ அக்கா?"

என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். "ஓம். மறந்து போச்சு."

பேரையும் ஊரையும் யார் மறப்பார்கள்? என் மனம் ஆறட்டும் என்று பொய் சொல்கிறாள் என நினைத்தேன். பின்னேரம் அவள் சோறு குழைத்துக்கொண்டு வந்தபோது, உன்ரை வாழ்க்கையை நான்தான் கெடுத்துப்போட்டன் என்று விக்கி விக்கி அழுதேன். கையில் உருட்டிய கவளத்தோடு அப்படியே இருந்தாள்.

"அடுத்த முறை பாஸ் பண்ணுறன். இப்ப வாயைத் திற."

சொன்னபடியே இரண்டு மாதத்தில் பாஸ் பண்ணினாள். அம்மா பிள்ளையாருக்கு மோதகம் அவித்தாள். முன்பள்ளியில் கடைசி நாள், சின்னப் பிள்ளைகள் அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவளும் அழுதாள். வெளிநாடு போகிற சந்தோசம் என்று நான் கண்டவர் நின்றவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சோதனை என்றாலே பயம். அக்கா லண்டனிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள்; அந்த முதல் சோதனையைப் பற்றிக் கேட்க இன்றைக்கும் எனக்குத் துணிவில்லை. போக விருப்பமோ என்று அந்த நாட்களில் வீட்டில் ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. கொழும்பில் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் அவள் சொன்ன ஒரே மறுப்பு. அதையும் எனக்காக விட்டுக்கொடுத்தாள் என்று பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை. அன்று பின்னேரம் அவள் ஊட்டிய சோற்றை முழுதாகத் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்டேன்.