பி.பி.யைத் தூக்கி எறிந்த ரெமிஜியஸ்

ரெமிஜியஸைப் போல ஒரு சோம்பேறியை ஜீவனஹள்ளி பார்த்ததில்லை. இதை அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான். இஸ்திரி போடச் சோம்பல்பட்டு, கசங்கினால் தெரியாத கட்டம் போட்ட சட்டைகளாகவே வாங்குகிற ஆள். தொண்ணூற்றொன்பதில் ரிச்மண்ட் டவுனில், பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருந்த ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. என்ன கம்பெனி என்று கேட்டால் முதலாளி வெங்கடராமன் 'டேட்டாபேஸ் மார்க்கெட்டிங்' என்பார். கேட்டவர் முழித்தால், "ஊர்ல யார் எவ்வளவு துணி எடுக்கறான்னு உட்கார்ந்த இடத்துலேர்ந்து சொல்லிடுவோம்" என்பார். உட்கார்ந்து சொல்வது வெங்கடராமன். உட்கார்ந்து முதுகு ஒடிவது ரெமிஜியஸ்.

கோவிந்தப்பா என்பவரின் ஜவுளிக் கடைதான் அவர்களுடைய பெரிய கிளையண்ட். ஒவ்வொரு கிளையிலிருந்தும் வாடிக்கையாளர் விவரம் பிளாப்பியில் வரும். ஒரு கிளை பெயரை முதலில் போடும், இன்னொன்று போன் நம்பரை முதலில் போடும். அத்திபெலே கிளைக்காரர் பெயர், விலாசம், போன், எடுத்த சேலையின் நிறம் எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் திணித்து அனுப்புவார். இதையெல்லாம் வெட்டி ஒட்டி ஒழுங்குபடுத்துவதற்குள் ரெமிஜியஸுக்கு வாழ்க்கையே வெறுத்துவிடும். வெறுப்பு முற்றியபோது அவன் ஒரு புரோகிராம் எழுதினான். பிளாப்பியைச் செருகினால் போதும், அதுவே பைலை இழுத்துக்கொள்ளும், கட்டங்களைச் சரிசெய்யும், ஒரே ஆள் இரண்டு முறை வந்தால் ஒன்றாகச் சேர்க்கும். பிறகு யார் எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று பார்த்துத் தங்கம், வெள்ளி, மற்றவர் என்று பிரித்துவிடும். தங்கத்துக்குத் தீபாவளிக்கு வாழ்த்து அட்டையும் தள்ளுபடிக் கூப்பனும் போகும். மற்றவர்களுக்கு ஒன்றும் போகாது. அது ஓடுகிற நேரத்தில் ரெமிஜியஸ் கீழே போய் டீ குடித்துவிட்டு, பல் டாக்டரிடம் வந்தவர்களின் வீங்கிய கன்னங்களை வேடிக்கை பார்ப்பான்.

வெங்கடராமனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார்.

"ஒரே ஆள்னு அது எப்படிப்பா கண்டுபிடிக்கும்?"

"போன் நம்பர் சார். ஒரு நம்பர்னா ஒரு வீடு."

இந்த இடத்தில்தான் அவனைப் பிடித்து நாலு அறை விடவேண்டும். ஏனென்றால் அவன் வீட்டில் போன் கிடையாது. அவன் தெருவிலேயே லட்சுமம்மா வீட்டில்தான் போன். ரேஷன் கார்டு விண்ணப்பம் முதல் கல்யாணப் பத்திரிகை வரை தெருவில் எல்லோரும் லட்சுமம்மாவின் நம்பரைத்தான் எழுதிக்கொடுப்பார்கள், பக்கத்தில் மறக்காமல் 'பி.பி.' என்று போட்டு. அதாவது போன் நம்முடையதல்ல, பக்கத்து வீட்டுக்காரருடையது, கூப்பிட்டுவிடுவார்கள் என்று அர்த்தம். ஜவுளிக் கடை பில்லிலும் அப்படித்தான் எழுதினார்கள். நம்பர் கட்டத்தில் எழுத்து எதற்கு, குப்பை என்று அந்த 'பி.பி.'யைத் தூக்கி எறியச் சொல்லிப் புரோகிராமுக்கு உத்தரவு போட்டவன் ரெமிஜியஸேதான். அந்த நம்பரை நம்பியே அவன் காதல் ஓடிக்கொண்டிருந்தது என்பது இன்னும் கொடுமை.

காதலியின் பெயர் கேத்தரின். விவேக் நகர்ப் பெண், மஸ்கட்டில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிகிற நேரம் பார்த்து அங்கிருந்து போன் செய்வாள். லட்சுமம்மா வாசலில் நின்று, "ஏய் ரெமீ! உன் துபாய்க்காரி!" என்று கத்துவாள். மஸ்கட் என்று எத்தனை தடவை சொன்னாலும் லட்சுமம்மாவுக்குக் கடல் தாண்டினால் துபாய்தான். கடைசியாகப் பேசியபோது கேத்தரின் சொன்னாள்: "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க ரெமி. போடறதா, வந்துடறதான்னு அடுத்த ஞாயிறு சொல்றேன். நீயும் வேலை நிரந்தரமான்னு கேட்டு வை." அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அதே வாரம் புரோகிராம் தன் முதல் பட்டியலைத் துப்பியது. தங்கத்துக்கும் மேலே ஒரே ஒரு நம்பர் தனியாக நின்றது. ஜீவனஹள்ளியில் ஒரு வீடு, வருஷத்தில் எடுக்காத துணி இல்லை. பட்டு, பள்ளிச் சீருடை, லுங்கி, தொட்டில் துணி எல்லாம். வெங்கடராமனே அந்த நம்பருக்குப் போன் போட்டு யார் வீடு என்று கேட்க, "லட்சுமம்மா வீடு. உங்களுக்கு யார் வேணும்?" என்று பதில் வந்தது. பட்டியலில் லட்சுமம்மாவின் பெயர் ஏறியது. கோவிந்தப்பா மகிழ்ந்து போய், இப்படிப்பட்ட மகராசிக்கு ஒரு பிரிட்ஜே கொடுக்கலாம், சனிக்கிழமை நானே போட்டோகிராபரோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

நம்பரைப் பார்த்ததுமே ரெமிஜியஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். ஆனால் அவனுடைய வேலையை நிரந்தரமாக்கும் ஆர்டர் கையெழுத்துக்காக வெங்கடராமன் மேசையில் கிடந்தது. பயந்தாங்கொள்ளி, வாயை மூடிக்கொண்டான்.

சனிக்கிழமை பிரிட்ஜ் டெம்போவில் வந்து இறங்கியது. மாலை, போட்டோ எல்லாம் ஆயிற்று. கோவிந்தப்பா தேங்காய் உடைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனம்மா, நம்ம கடையில உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சேலை எது?"

லட்சுமம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க கடையா? நான் படியே ஏறினதில்லையே சாமி. எனக்கு சிவாஜிநகர் பஜார்தான் சரி."

முதலில் விழித்துக்கொண்டவர் பக்கத்து வீட்டு ஆட்டோ டிரைவர் முனியப்பன். "அக்கா, என் பொண்ணு கல்யாணப் பட்டு பூரா அங்கதான் எடுத்தேன். உன் நம்பர்தான் குடுத்தேன். அப்ப இந்த பிரிட்ஜு என்னுது."

"நாங்க மட்டும் சும்மாவா எடுத்தோம்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சீருடை எடுத்தவள், லுங்கி எடுத்தவர், தொட்டில் துணி எடுத்தவள் என்று தெருவே பிரிட்ஜைச் சுற்றி வந்துவிட்டது. ஒருவர் கதவைத் திறந்து தன் பங்கு எந்தத் தட்டு என்றே பார்த்தார்.

லட்சுமம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. "எடுத்துக்கிட்டுப் போங்கடா! எனக்கு பேடா, வேண்டவே வேண்டாம்! சோறு தின்னுறப்ப எழுந்து ஓடி வந்து உங்களைக் கூப்பிட்டேனே, பிரசவம்னாலும் சாவுன்னாலும் நான்தானே வந்து சொன்னேன், அப்ப எவனாவது பங்கு கேட்டானா? நாளையில இருந்து போன் அடிச்சா நான் ஒருத்தரையும் கூப்பிட மாட்டேன். எங்க ஆத்தா மேல சத்தியம்!"

நாளை ஞாயிற்றுக்கிழமை. ரெமிஜியஸுக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. வெங்கடராமன் பக்கத்திலேயே நிற்க, எல்லோர் முன்னாலும் உளறிக் கொட்டினான். "சார், தப்பு என்னுது. பி.பி.ன்னு இருந்ததை நான்தான் எடுத்துட்டேன். இவங்க ஒரு ஆள் இல்ல சார், ஒரு தெரு. தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன்."

வெங்கடராமன் முகம் சுண்டிப்போனது. கோவிந்தப்பா அவரைப் பார்த்து, "ஏன்ரீ, அப்ப இத்தனை வீட்டுக்கும் நீங்க ஒரு தீபாவளி கார்டு கூட அனுப்பப் போறதில்லையா?" என்றார். பிரிட்ஜைத் திருப்பி ஏற்றலாமா என்று டெம்போக்காரன் கேட்டதற்கு, தேங்காய் உடைத்துக் கொடுத்த பொருளை வாசலோடு திருப்பி எடுத்தால் கடைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நிரந்தர ஆர்டரைப் பற்றி வெங்கடராமன் சொன்னது ஒரே வார்த்தை: "பார்க்கலாம்."

மறுநாள் ரெமிஜியஸ் பூசைக்குப் போகவில்லை. லட்சுமம்மா வீட்டுக்கு எதிரில் முனியப்பனின் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. லட்சுமம்மா ஒவ்வொரு முறையும் எடுத்து, "இல்லை, ஊருக்குப் போயிட்டாங்க" என்று வைத்தாள். சத்தியம் என்றால் சத்தியம்தான். தெரு முழுக்க வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

பூசை விடுகிற நேரத்துக்குப் போன் அடித்தது. அவன் இறங்கி நின்றான். உள்ளே லட்சுமம்மா போனை எடுத்தாள், வைக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள். ஐ.எஸ்.டி. காசு மஸ்கட்டில் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. இடையில் ஒருதரம் சிரித்தாள், ஒருதரம் மூக்கைச் சிந்தினாள். வாசற்படி வரை போய் நின்ற ரெமிஜியஸை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்கவும் அவன் முயலவில்லை.

கடைசியில் போனை வைத்துவிட்டு லட்சுமம்மா வெளியே வந்தாள். அவன் பக்கம் திரும்பாமல் முனியப்பனைப் பார்த்துப் பேசினாள்.

"நான் யாரையும் கூப்பிடலை, பார்த்துக்க. சும்மா உன்கிட்ட சொல்றேன். அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடலையாம். மாசக் கடைசியில வந்துடுதாம்."

முனியப்பன் விசிலடித்தார். ரெமிஜியஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "அக்கா, வேலை நிரந்தரமான்னு கேட்டாளா?" என்றான்.

"கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"அது இருக்கோ போகுதோ தெரியலை, ஆனா ஊரு முன்னாடி நின்னு தப்பு என்னுதுன்னு சொன்னான்னு சொன்னேன். அப்புறம், நீ அவளைக் கட்டிக்குவியான்னு கேட்டா." லட்சுமம்மா இப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "சரின்னு சொல்லிட்டேன்டா."