பத்துக் குலைக்கு ஒரு லோரி

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான். என்னைப் பிடித்துத்தான் தலைமையாசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அப்போது லாபு என்கிற ஊருக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டப் பள்ளி ஒன்றில் நான் துணைத் தலைமையாசிரியை. பயிற்சியில் சொன்னது இதுதான்: வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார், பிறகு ஆசிரியரிடம் கேள்வி மட்டும் கேள், தப்பை நீயாகச் சொல்லாதே. கை காலைக் கட்டிப் போட்ட மாதிரி இருந்தது எனக்கு.

நான் பார்க்கப் போனது கணக்கு டீச்சரின் நாலாம் ஆண்டு வகுப்பை. என்னைவிட மூத்தவர். வருகிற தலைமையாசிரியர்கள் எல்லாம் குறை சொல்லிச் சொல்லி அவருக்கு வெறுத்துவிட்டது. இந்த வருடத்தோடு ஓய்வு வாங்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போனால் கணக்குக்கு எங்களிடம் வேறு ஆளில்லை. அந்தப் பயம் வேறு என்னை அரித்தது.

ஒரு லோரி நாற்பது செம்பனைக் குலை ஏற்றும், நூற்று முப்பது குலைக்கு எத்தனை லோரி வேண்டும் என்று பலகையில் எழுதினார். பிள்ளைகள் வகுத்தார்கள். மூன்று, மிச்சம் பத்து. அப்படியென்றால் நான்கு லோரி என்றார் டீச்சர். முன்வரிசைப் பெண் ஒருத்தி மூன்றுதான் என்று அடம்பிடித்தாள். டீச்சர் நான்கு என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். அட, அவளை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மணி அடிக்கும்வரை நாற்காலியில் நெளிந்துகொண்டே இருந்தேன்.

பிறகு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, பயிற்சியில் கொடுத்த தாளைப் பார்த்துக் கேள்விகளைக் கேட்டேன். பாடத்தில் எது நன்றாக வந்தது, எதை மாற்றியிருக்கலாம். என் குரல் எனக்கே போலியாகக் கேட்டது. அவர் முகம் இறுகிவிட்டது.

"தெரிஞ்சிக்கிட்டே கேக்காதீங்க டீச்சர். தப்பு இருந்தா நேரா சொல்லுங்க, கையெழுத்து போட்டுட்டுப் போறேன்."

சுரீரென்றது. கோபமும் வந்தது, கூடவே வெட்கமும். பயிற்சித் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"அந்தப் பொண்ணு ஏன் மூணுன்னே நின்னா? சத்தியமா எனக்குத் தெரியல."

அவர் என்னையே பார்த்தார். தனக்கும் தெரியவில்லை என்றார். சட்டென்று எழுந்து கேண்டீனுக்கு நடந்தார், நான் பின்னாலேயே ஓடினேன். மீகூன் தின்றுகொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் குனிந்து கேட்டார்.

"பத்து குலைக்குப் போயி யாரு டீச்சர் லோரி எடுப்பா? மிச்சத்த நாளைக்கு ஏத்துவாங்க லா."

டீச்சர் சிரித்த சிரிப்பில் கேண்டீனே திரும்பிப் பார்த்தது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, எல்லாவற்றையும் இன்றைக்கே ஏற்ற வேண்டும் என்றால் என்ன செய்வாய் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். ஓய்வு விஷயத்தைக் கேட்க எனக்கு நாக்குத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் நிமிரவே இல்லை. "அடுத்த வருஷம் இவங்க அஞ்சாம் ஆண்டு. கணக்க நானே எடுக்கிறேன் டீச்சர், வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றார்.