கப்பலேறிப் போன ரெண்டு வருசம்

போன திங்கட்கிழமை காலையில் என் பேத்தி பள்ளிக்கூடச் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படியில் சம்பல் இடித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த வாசனை வந்ததும் கை நின்றுவிட்டது. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பது எனக்குத் தெரியாது. அறுபது வருடத்துக்கு முந்திய கறுப்புப் பொலிஷ் மட்டும் டப்பாவோடு ஞாபகம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பிராவில் அதுதான் மணக்கும். அது என் அப்பாவின் வாசனை.

அப்பா பட்டாளத்துக்காரர். வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய யுத்தத்தில் இரண்டு வருடம் எகிப்துப் பக்கம் ஏதோ ஒரு பாலைவனத்தில் லொறி ஓட்டியவர். திரும்பி வந்து இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லொறிக்குச் சாரதியானார். எங்கள் அப்பா பீரங்கியோடு சண்டை போட்டவர் என்று நான் கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டு திரிவேன். அவர்கள் போய்க் கேட்டால், "பீரங்கியா? நாங் கண்டதெல்லாம் மணலும் பஞ்சர் டயரும்தான்" என்று சொல்லி என் மானத்தை வாங்கிவிடுவார்.

பட்டாளத்திலிருந்து அவர் கொண்டுவந்த பழக்கங்களில் சப்பாத்தி சுடுவது ஒன்று. வட்டமாக ஒருநாளும் வராது. இன்னொன்று பெரட்டு. தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதைத்தான் பெரட்டு என்போம். அப்பா வீட்டிலும் ஒரு பெரட்டு வைத்திருந்தார். விளக்கு வைத்ததும் பாக்கியம் அக்கா, நான், இரண்டு தம்பிகள் என்று சுவரோரம் நிற்க வேண்டும். ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "இருக்கேங்கப்பா" என்று நாலு குரலும் கேட்ட பிறகுதான் சாப்பாடு. அடுப்படியிலிருந்து அம்மா, "நானும் இருக்கேங்க, ரொட்டி தீயுது, சட்டுனு முடிங்க" என்பார். அந்த நாலு குரலுக்காகவே அந்த மனிதர் உயிரோடு திரும்பி வந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

கொழுந்து நிறுத்து முடிந்ததும் அம்மாவின் கூடையை வாங்கித் தன் முதுகில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறுவார். அந்தக் காலத்தில் எந்த ஆம்பிளையும் செய்யாத வேலை. "பொண்டாட்டி கூடைய சொமக்குறாரு பாரு பட்டாளத்தாரு" என்று சிரிப்பார்கள். "யாரோ வெள்ளக்காரனுக்காகத் துப்பாக்கி சொமந்தேன். இது எம் பொண்டாட்டி கூடைதானப்பா" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் அப்பா கெட்டதோ பேசாமல் விட்ட வாயால்.

அப்போது மலையகத்தில் எங்கள் ஆட்கள் பெரும்பாலானோருக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் கிடையாது. மனுப் போட்டு, இந்த நாட்டை விட்டுப் போகாமல் இங்கேயே வருடக்கணக்காக வாழ்ந்தோம் என்று காட்ட வேண்டும். அப்பாவின் மனு விசாரணைக்கு வந்தபோது குடும்பத்தோடு டவுனுக்குப் போனோம். எனக்கு ஆறு வயது. என் கவலையெல்லாம் வாங்கித் தருவதாகச் சொன்ன சீனி பணிஸ் மேலேதான்.

மேசைக்குப் பின்னால் விசாரிக்கிற துரை. பக்கத்தில் அவர் கேட்பதைத் தமிழில் சொல்ல ஒருவர். "எப்பயாச்சும் சிலோன விட்டு வெளிய போயிருக்கியா?"

அப்பா குதிகால் இரண்டையும் சேர்த்து விறைப்பாக நின்றார். "ஆமாங்க. ரெண்டு வருசம் கப்பலேறிப் போயிருந்தேங்க."

எங்கள் மலையில் கப்பலேறுவது என்றால் ஒரே அர்த்தம்தான்: இந்தியாவுக்குப் போவது. தமிழில் சொன்னவருக்கும் அந்த அர்த்தம்தான் தெரியும். இந்தியாவில் இரண்டு வருடம் இருந்தவர் என்று துரையிடம் இங்கிலீசில் சொன்னார், துரை எழுதிக்கொண்டார். பட்டாளத்தில் இருந்து விலகிய கடதாசி அப்பாவின் சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது. அம்மா முதுகில் இடித்துப் பார்த்தார். அதிகாரி கேட்டதற்கு மேல் பேசக்கூடாது என்று பட்டாளம் பழக்கியிருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. நான் வெளியே வந்து பணிஸைத் தின்றேன்.

சில மாதம் கழித்து மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. இரண்டு வருடம் இந்தியாவில் இருந்தவர் என்பதே காரணம் என்று தோட்டத்துக் கிளார்க்கையா வாசித்துச் சொன்னார். அப்பா யுத்தத்துக்குப் போனதை விளக்கி மறுபடி எழுதிப் போட்டார். பதிலே வரவில்லை.

பிறகு இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் ஒப்பந்தம் போட்டு எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. அப்பா இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட மறுத்துவிட்டார். அக்காவைக் கட்டிக்கொடுத்த குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. போகிறவர்களின் தகரப்பெட்டிகளைத் தலவாக்கலை ஸ்டேசனுக்கு ஏற்றிப் போவது தோட்டத்து லொறிதான். யார் யார் பெட்டியையோ ஏற்றிய அப்பா, கடைசியில் தன் மகளின் பெட்டியையும் ஏற்றினார்.

பிளாட்போர்மில் ஒரே ஒப்பாரி. அக்கா கோச்சிப் பெட்டியின் ஜன்னல் வழியே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாக்க வருவீங்களாப்பா?" என்றாள்.

"எனக்குப் பேப்பர் கெடைக்கட்டும்மா. கெடச்ச அடுத்த மாசம் அங்க நிப்பேன்."

நாடில்லாதவருக்குப் பாஸ்போர்ட் ஏது? அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா போனாள். அன்றைக்குச் சாயந்திரம் வீட்டில் பெரட்டு நடக்கவில்லை. அதற்குப் பிறகும் நடக்கவில்லை. "அன்னிக்கு ஒரு வார்த்த கூடுதலாச் சொல்லிருந்தா நமக்குப் பேப்பர் கெடச்சிருக்கும். புள்ளைய இந்தியாவுக்குப் போறவங்களுக்குக் குடுத்திருக்க மாட்டேன்" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்வார்.

கோத்தகிரியிலிருந்து அக்கா கடிதம் போடுவாள். எல்லாக் கடிதத்தின் கடைசி வரியும் ஒன்றுதான்: பேப்பர் கிடைத்ததா? அம்மா இறந்துபோனார். நான் டீச்சராகி, நல்ல பேர் எடுத்து, பென்ஷனுக்கும் கிட்ட வந்துவிட்டேன். அப்பாவுக்கு எண்பது தாண்டிய பிறகு சட்டம் மாறி, ஒருநாள் பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்து அவர் கையில் பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் கொடுத்தார்கள்.

நான் பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்கக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றார்.

"அக்காவப் பாக்க வேணாமாப்பா?"

"இப்பத்தான் குடுத்திருக்கான். இப்ப வெளிய போனா மறுபடி பேர வெட்டிருவான். எம் பேரு போனாப் போகுது, எனக்குப் பின்னால இருக்குற உங்க பேரெல்லாம் போயிரும்."

அந்தச் சட்டமெல்லாம் எப்போதோ செத்துப்போச்சு என்று விழுந்து விழுந்து சிரித்தேன். எத்தனை தரம் எடுத்துச் சொன்னாலும் அவர் அசையவில்லை. படித்த மகளுக்கு இப்படி ஒரு அப்பாவா என்று எனக்கு வெட்கம் வேறு. அக்காவுக்குக் கடிதம் எழுதியபோது காரணத்தை எழுதவில்லை. "அப்பாவுக்குப் பேப்பர் கிடைத்துவிட்டது. ஆனால் அங்கே வர விருப்பம் இல்லை என்கிறார்" என்று இரண்டு வரி.

அதன் பிறகு அக்காவின் கடிதம் நின்றது. அவளுக்கு வீட்டு வேலை, பேரப்பிள்ளைகள், நேரமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்பா மட்டும் தபால்காரரைக் கண்டால், "கோத்தகிரிலருந்து ஒண்ணும் இல்லீங்களா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தொண்ணூற்று நாலு வயதில் கண்ணை மூடினார்.

எங்கெங்கோ விசாரித்து நம்பர் பிடித்து அக்காவுக்குச் சொன்னேன். அழுது முடித்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எம்மேல உள்ள கோவம் கடைசி வரைக்கும் போகவே இல்லையா?"

அப்போதுதான் முழுவதையும் சொன்னேன். அவள் மெதுவாக, "இத ஒரு வரி எழுதிருக்கலாமேடி. நான் ஓடி வந்திருப்பேனே" என்றாள்.

இப்போது தம்பி மகன் வருடத்துக்கு இரண்டு தரம் டோஹாவிலிருந்து வந்து போகிறான். போனால் பேரை வெட்டிவிடுவார்கள் என்ற பயம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நானும் அன்றைக்கு அப்படித்தான் சிரித்தேன். போன வருடம் அக்காவுக்கு விசா எடுத்துத் தருகிறேன், வா என்று கூப்பிட்டேன்.

"இனி அங்க வந்து யாரப் பாக்க?" என்றாள்.