லக்னோக்காரரின் ஜனவரி வெயில்

நான் ஈரோட்டுக்காரன். எனக்கும் வெயிலுக்கும் பிறந்ததிலிருந்தே ஆகாது. சித்திரை மாதத்தில் பத்து மணிக்கு மேல் ஒருவன் சும்மா வெளியே நின்றால், எங்கள் பக்கத்தில் "ஏனுங்க, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றுதான் கேட்பார்கள். அப்பேர்ப்பட்ட எனக்கு, வெயில் காய்வதற்காக வருஷம் முழுக்கக் காத்திருக்கிற ஊரிலிருந்து ஒரு மாமனார் வாய்த்தார். ஊர் லக்னோ. அவர் இப்போது இல்லை. அந்த வெயில்தான் அவரைக் கொண்டுபோனது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வருகின்றன.

என் மனைவி அவருக்கு ஒரே பெண். சென்னையில் வேலை பார்த்தபோது ஆட்டோக்காரர்களிடம் சண்டை போட்டே தமிழ் கற்றவள். மாமியார் தவறிய வருஷம் அவரை நியூ ஜெர்ஸிக்கு, மான்மவுத் ஜங்ஷனில் இருக்கும் எங்கள் டவுன்ஹவுசுக்கு அழைத்து வந்துவிட்டாள். "ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சிருக்காங்க. அங்க தனியா விட்டுட்டு நான் இங்க எப்படித் தூங்குவேன்?" என்றாள். அவளே சிட்டிசன் என்பதால் அவருக்கு கிரீன் கார்ட் அப்ளை பண்ணினாள். அது வரும்வரை நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். மனிதர் மாட்டிக்கொண்டார்.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லக்னோவில் தெருவில் கரண்ட் போனால், ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆன பிறகும், இவர் வீட்டு வாசலில் வந்துதான் திட்டுவார்களாம். இவரும் கூட நின்று கேட்டுவிட்டு, டீ கொடுத்து அனுப்புவாராம். என்னை விட முப்பது வயது மூத்தவர், என்னை மரியாதையாகத்தான் கூப்பிடுவார். என் மகளுக்கும் அதே மரியாதை. அவள் பள்ளி விட்டு வந்தால் எழுந்து நிற்பார். "நானா, ஜஸ்ட் சிட்!" என்று அவள் கத்துவாள். இந்தியில் அம்மாவின் அப்பா நானா. இந்தியன் கடைக்குக் கூட்டிப்போனால் பில் போடுகிற வரிசையில் பின்னால் வருகிறவர்களை எல்லாம் "நீங்கள் போங்கள்" என்று முன்னால் அனுப்பிக்கொண்டே இருப்பார். நம் ஜனங்களும் கூச்சமே இல்லாமல் போய்க்கொண்டே இருப்பார்கள். ஒரு கட்டு கொத்தமல்லிக்காக நான் அங்கே நின்ற நேரத்தில் கொத்தமல்லி வளர்த்தே இருக்கலாம்.

பாத்திரம் கழுவும்போதுதான் நாங்கள் இருவரும் பேசுவோம். எனக்கு அரைகுறை இந்தி, அவருக்கு ஆபீஸ் இங்கிலீஷ், அது போதும். நான் தேய்ப்பேன், அவர் துடைப்பார். ஒருநாள், லக்னோவில் பெரிய இமாம்பாரா என்ற முகரம் மண்டபத்தைக் கட்டிய கதையைச் சொன்னார். கடும் பஞ்சத்தில் ஒரு நவாப், ஜனங்களுக்கு வேலை கொடுக்கவென்றே அந்தக் கட்டடத்தைக் கட்டத் தொடங்கினாராம். பகலில் ஏழைகள் கட்டுவார்கள். பசித்தாலும் வெளியே சொல்ல வெட்கப்பட்ட பெரிய இடத்து ஆட்கள் இருட்டில் வந்து, கட்டியதில் கொஞ்சம் இடித்துவிட்டுக் கூலி வாங்கிப் போவார்கள். அப்போதுதான் வேலை தீராது.

"எங்க ஐ.டி. ப்ராஜெக்ட்டும் அப்படித்தான் மாமா ஓடுது," என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தார். பிறகு டம்ளரைத் துடைத்தபடி சொன்னார்: "ஆனா பாருங்க பேட்டா, அவங்க யாரும் வாய் திறந்து கேக்க வேண்டியிருக்கல. அதுதான் அந்தக் கட்டடத்தோட அழகு."

சோழர்கள் ஆயிரம் வருஷம் முன்பே கல்லில் கோபுரம் எழுப்பியதை நான் எடுத்துவிடுவேன். "உண்மை, உண்மை. ஆனா பல்லு போன ராஜாவுக்குன்னு மெல்லவே வேண்டாத கபாப் பண்ணிக் குடுத்தாங்களா?" என்று கேட்பார். சிப்பாய்க் கலகத்தில் வெள்ளைக்காரர்கள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த ரெசிடென்ஸி என்னும் இடம் இன்னும் பீரங்கிக் குண்டு துளைத்த சுவர்களோடு அங்கே நிற்கிறது. இப்போது வீட்டுக்குப் பயந்த காதலர்கள் அங்கே அடைபட்டுக் கிடக்கிறார்கள் என்பார். "இங்க நான் கிடக்கறேன்," என்று ஒருநாள் சேர்த்துக்கொண்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரின் வரலாறு ஒரு பங்கு என்றால் வானிலை மூன்று பங்கு. மே, ஜூனில் அங்கே 'லூ' என்று ஒரு காற்று அடிக்குமாம். அடுப்பைத் திறந்தாற்போல் இருக்கும். சுட்ட மாங்காயைக் கரைத்துக் குடிப்பார்கள், சட்டைப் பையில் வெங்காயம் வைத்துக்கொண்டு போவார்கள். வெங்காயத்தைப் பார்த்துக் காற்று பயந்துவிடுமா என்று கேட்டேன். "பக்கத்துல நிக்கறவங்க பயந்து தள்ளிப் போவாங்க. அதனால கொஞ்சம் காத்து வரும்," என்றார். பிறகு முதல் மழை, தசேரி மாம்பழம். இதையெல்லாம் அவர் சொல்வது பீடிகைதான். அவர் வந்து நிற்க விரும்பிய இடம் ஜனவரி.

ஜனவரியில் லக்னோவுக்குப் பொழுது விடிந்தும் விடியாது. மூடுபனியில் எதிர் வீட்டுக் கதவு தெரியாது. ரயில்கள் எங்கேயோ நின்றுகொண்டிருக்கும். வீடுகளில் ஹீட்டர் கிடையாது. சுவரும் தரையும் சில்லிட்டு, வெளியே இருப்பதை விட உள்ளேதான் குளிர் அதிகம். மதியத்துக்குச் சற்று முன் பனி விலகி வெயில் விழும். அந்த நிமிஷம் ஊர் மொத்தமும் மொட்டை மாடிக்கு ஏறிவிடும். கயிற்றுக்கட்டில், வேர்க்கடலை, கறுப்பு உப்பு தடவிய கொய்யா, பெண்கள் கையில் ஸ்வெட்டர் பின்னல், மடியில் உரிக்க வேண்டிய பச்சைப் பட்டாணி. ஆண்கள் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார்கள். வெயில் வந்துவிட்டதா, அன்றைய குளிர் முடிந்தது. அவர் பார்த்த அத்தனை குளிர்காலத்திலும் இந்த விதி ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

எங்கள் ஊர் நியூ ஜெர்ஸியில் விதி தலைகீழ். மேகம் மூடிக் கிடந்தால் குளிர் சுமாராக இருக்கும். பனி கொட்டி முடிந்து, வானம் துடைத்துவிட்ட நீலத்தில் பளீரென்று வெயில் அடிக்கிறதே, அன்றைக்குத்தான் மூக்கு அறுந்து விழும். முதல் வருஷமே அவரிடம் சொன்னேன். என் மனைவி சொன்னாள். குழந்தைகூடச் சொன்னது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலை கேட்டது. எழுபது வருஷ உடம்பு கேட்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் கிரீன் கார்ட் வந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் மகளிடம் அவர் கேட்டார். வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்காத மனிதர் கேட்டது அது ஒன்றுதான்.

"இந்தக் குளிர்காலம் மட்டும் போயிட்டு வரேன்மா. ஹோலி முடிஞ்சதும் வந்துடறேன்."

"தனியாவா? அங்க மூடுபனியில ஆம்புலன்ஸ்கூட வராது, பாபூஜி. சம்மர்ல நாம எல்லாரும் சேர்ந்து போகலாம். இவளுக்கும் ஸ்கூல் லீவு."

"சம்மர்ல அங்க என்னம்மா இருக்கு? லூ இருக்கு."

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் பதினெட்டு மணி நேரம் ஃப்ளைட்ல உக்காந்து அழணுமா? அம்மாவுக்கு அப்படித்தான் அழுதேன். இன்னொரு தடவை என்னால முடியாது."

"சரிம்மா," என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபமும் போயிற்று. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நியாயங்கள் இப்படி எதிரெதிரே உட்கார்ந்து சப்பாத்தி சாப்பிடுகிற வீட்டில் மாப்பிள்ளை என்ன செய்வான்? பாத்திரம் தேய்ப்பான். தேய்த்தேன்.

டிசம்பர் முழுக்க மேகம். அவர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தே இருப்பார். ஜனவரி நடுவில் இரண்டு நாள் பனி கொட்டியது. மூன்றாம் நாள் வானம் திறந்துகொண்டது. அப்படியொரு வெயில். கீழே கிடந்த பனியிலும் பட்டுத் தெறித்து, சமையலறைச் சுவரெல்லாம் வெளிச்சம். என் மனைவி பார்சிப்பனியில் இருக்கும் ஆபீசுக்கு டிரைவ் பண்ணிப் போய்விட்டாள். மகள் ஸ்கூல் பஸ் ஏறிவிட்டாள். நான் கிளம்பும்போது அவர் ஜன்னலில் நின்று, குழந்தை மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக, "இன்னிக்குப் பாருங்க!" என்றார். "வெளிய மைனஸ் பன்னண்டு மாமா," என்றேன். "தெரியும், தெரியும்," என்றார்.

பதினோரு மணி இருக்கும். எங்களுக்குப் பின் வீட்டில் இருக்கும் மதுரைக்கார ஆன்ட்டி போன் பண்ணினார்.

"தம்பி, ஒங்க மாமனாரு டெக்ல சேரப் போட்டு உக்காந்திருக்காரு. நல்லா தூங்குறாருன்னு நெனச்சேன். கூப்பிட்டுப் பாத்தேன், அசையவே இல்ல. 911க்குச் சொல்லிட்டேன். நீங்க ஒடனே வாங்க தம்பி."

நான் போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டிருந்தது. வீட்டின் பின்பக்க மரத்தளத்தில், பனியை ஒதுக்கிச் சாப்பாட்டு மேஜை நாற்காலியைப் போட்டிருந்தார். கோட் உள்ளேயே ஆணியில் தொங்கியது. குர்தாவும் அரைக்கை ஸ்வெட்டரும்தான் உடம்பில். நாற்காலி அடியில் ஒரு கிண்ணம் நிறையப் பட்டாணி. பாதி உரித்திருந்தார். இந்தியன் கடையில் தோலோடு பட்டாணி வந்திருக்கிறது என்று நான்தான் இரண்டு நாள் முன்பு வாங்கி வந்தேன். ஹீட்டர் ஓடுகிற வீட்டுக்குள் இருபத்திரண்டு டிகிரி வெப்பத்தை விட்டுவிட்டு, கதகதப்பு தேடி வெளியே போயிருக்கிறார். லக்னோக்காரனைத் தவிர உலகத்தில் வேறெவனும் இதைச் செய்ய மாட்டான். அந்தத் தளத்தில் நின்று நான் வெயிலைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். மதுரை ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மருத்துவமனையில் சூடான காற்று நிரப்பிய போர்வைகளைப் போட்டு உடம்பைத் தேற்றிவிட்டார்கள். இதயம்தான் தேறவில்லை. ஏற்கெனவே பழுது பார்த்த இதயம், இனி அதிக நேரம் தாங்காது என்று டாக்டர் எங்களைத் தனியே அழைத்துச் சொன்னார். என் மனைவி அழவில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் போல நேராக உட்கார்ந்து கேள்வி கேட்டாள். டாக்டர் போனதும், "நான் போக விட்டிருக்கணும். லக்னோலயே போயிருந்தாகூட அவர் ஊர்ல போயிருப்பார் இல்ல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் மாலை அவர் போய்விட்டார். அன்று காலை ஒருமுறை கண் விழித்தார். ஜன்னல் வழியே வெயில் அவர் கட்டில்மேல், போர்வையின் கால்மாட்டில் விழுந்துகொண்டிருந்தது. நர்ஸ் குனிந்து, நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எல்லோரிடமும் கேட்கிற கேள்விகளைக் கேட்டார். பெயர் என்ன என்றதற்குச் சொன்னார். எங்கே இருக்கிறீர்கள், தெரிகிறதா என்றதற்கு அவர் இந்தியில், மெல்ல, கொஞ்சம் செல்லக் கோபத்தோடு பதில் சொன்னார்.

"மாடியிலதான். எதுக்கு அதுக்குள்ள கீழ கூப்பிடறீங்க? இப்பத்தானே வெயில் வந்திருக்கு."

நர்ஸ் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். என்ன சொல்கிறார், எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிகிறதா?

தப்பைத் தப்பு என்று சொல்லாமல் என் மனைவியால் இருக்க முடியாது. நான் ஒரு தெருப் பெயரை மாற்றிச் சொன்னால்கூட நடுவில் நிறுத்தித் திருத்துவாள். அவள் அப்பாவைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள்.

"தெரியுது. கரெக்டா சொல்றார். அவர் வீட்லதான் இருக்கார்," என்று இங்கிலீஷில் சொன்னாள்.

நர்ஸ் எதையும் எழுதிக்கொள்ளாமல், கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார்.

என் மனைவி ஷூவைக் கழற்றினாள். கட்டிலருகே போய், குனிந்து இந்தியில் கேட்டாள்: "பாபூஜி, நானும் கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கட்டா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. போர்வைக்குள் மெல்லக் காலை மடக்கி, வெயில் விழுந்த இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்.