மண்ணுக்குள் பார்க்கும் மெஷின்

போன வாரம் ஒரு மீனுக்காக எங்கள் கப்பலை நிறுத்தினார்கள். மீன் என்று சொன்னால் இங்கே ஜெர்மனியில் சண்டைக்கு வருவார்கள். அது குட்டி போட்டுப் பால் கொடுக்கிற ஜாதி, பெயர் ஷ்வைன்ஸ்வால். பன்றித் திமிங்கிலம் என்று அர்த்தம். டால்பினுக்குக் குட்டையான ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலடி மண்ணுக்குள் ஒலி எப்படிப் போகிறது என்று அளப்பது என் வேலை. அதற்குத் தண்ணீருக்குள் சத்தம் எழுப்ப வேண்டும், அந்தச் சத்தம் பிராணியின் காதுக்கு ஆகாது. ஆகவே அது வருகிறதா என்று பார்ப்பதற்கென்றே கப்பலில் ஹைக்கே என்றொரு பெண்ணை உட்கார வைத்திருக்கிறார்கள். கழுத்தில் பைனாகுலர், மடியில் ஃபிளாஸ்க். ஒரு கறுப்பு முதுகு தெரிந்ததும் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான், எல்லாம் நின்றது. கேப்டன் காபி குடிக்கப் போனார். அந்த மகாராஜா எங்களைச் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பும்வரை கப்பல் சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க நிற்காமல் கடைசியில் அழுகையாகிவிட்டது. ஹைக்கே ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். “எவ்வளவு அழகு, இல்லையா? முதல் தடவை பார்த்தபோது நானும் இப்படித்தான் அழுதேன்” என்று சொல்லி என் கையில் சாக்லேட்டைத் திணித்தாள். இல்லையம்மா தாயே, எனக்கு அந்தப் பன்றிமேல் ஒரு பாசமும் கிடையாது என்று சொல்லுமளவுக்கு எனக்கு ஜெர்மன் வரும். ஆனால் சொல்லவில்லை. பின்னே எதற்கு அழுதாய் என்று கேட்பாள், அதற்கு மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்து மணலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவளிடம் சொல்லாததை ஊரில் இருக்கிற உங்களுக்கும், என்னைப்போல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டவர்களுக்கும் எழுதுகிறேன்.

நான் செங்கல்பட்டுக்காரி. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. இயற்பியல் படித்துவிட்டுத் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கடலாய்வுத் திட்டத்தில் சேர்ந்தேன். அங்கேயும் இதே வேலைதான். இரும்புச் சட்டத்தில் இரண்டு கம்பிகளைப் பொருத்திக் கடலுக்குள் இறக்குவோம். கம்பிகள் அடிமண்ணில் செருகி நிற்கும். ஒன்று ‘டக்’கென்று தட்டும், மற்றது கேட்கும். நடுவே எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பெட்டியின் திரையில் பச்சைக் கோடு காட்டும். மணலென்றால் ஒலி ஓடி வரும், சேறென்றால் நிதானமாக வரும், அழுகி வாயு பிடித்த சேறென்றால் அங்கேயே முங்கிப்போகும். கடலில் கேபிள் போடுகிறவர்களுக்கும் பாலம் கட்டுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு வேண்டும். கருவிகளைப் பார்த்துக்கொள்ள என்னோடு முரளி இருந்தான். மதுராந்தகத்துப் பையன், வாய் ஓயாதவன், பொய் மட்டும் அவனுக்கு வராது.

கரைக்கு நேரே இருக்கிற கடல் அந்தந்தக் குப்பத்துக்குச் சொந்தம். அவர்களைக் கேட்காமல் அதில் ஒரு கயிறுகூட இறக்க முடியாது. அதனால் எங்கள் திட்டத் தலைவர் குப்பத்து எல்லையம்மன் கோயில் முன்னால் மைக் வைத்துக் கூட்டம் போட்டார். வண்டல், ஒலியின் வேகம் என்று ஆரம்பித்தார். ஒருத்தரும் கேட்கவில்லை, பெண்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. “சுருக்கமா சொன்னா, கடலுக்கு அடியில, மண்ணுக்குள்ள, என்ன இருந்தாலும் இந்த மெஷின் காட்டிக் குடுத்துடும்!” என்று முழங்கினார். கைதட்டல் எழுந்தது. “இன்னா மேடம், சாரு இப்டி அடிச்சு வுடறாரு?” என்றான் முரளி என் காதோரம். படித்தவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். இவர்களுக்கு எங்கே புரியப்போகிறது என்று நாமே முடிவுகட்டி, வாய்க்கு வந்த ஒன்றை எளிமை என்று சொல்லிக் கொடுத்துவிடுவோம்.

அனுமதி கிடைத்தது. படகு மட்டும் பக்கத்துக் குப்பத்தில் வாடகைக்கு எடுத்தோம், மோட்டார் வைத்த படகு அங்கேதான் இருந்தது. பொம்பளை படகில் ஏறுவது ஆகாது என்று, நான் இறங்கிய பிறகு ஒவ்வொரு தடவையும் படகுக்காரர் எலுமிச்சம்பழம் அறுத்துப் போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாடகைக்கு மட்டும் பொம்பளை கை ஆகும். அந்த இரண்டு குப்பத்துக்கும் வலைத் தகராறு, பேச்சுவார்த்தையே கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும். அதன் அர்த்தம்தான் தெரியவில்லை. பேச்சு இல்லாத ஊருக்குச் சாவுச் சேதியும் போகாது.

ஒரு நாள் காலை படகில் போனபோது கரையில் ஊரே உட்கார்ந்திருந்தது. கட்டுமரமெல்லாம் மணலில் கிடந்தது, எங்கேயும் அடுப்புப் புகை இல்லை. ஏதோ கோயில் பஞ்சாயத்து என்று நினைத்துக்கொண்டு சட்டத்தை இறக்கித் தட்ட ஆரம்பித்தோம். முந்தின நாள் அந்த ஊர் ஏழுமலை என்கிற ஆள் கடலில் விழுந்து காணாமல் போயிருந்தான். கடலில் போனவன் கரைக்கு வரும்வரை அந்த ஊரில் ஒரு வலை நனையக் கூடாது, உலை வைக்கக் கூடாது. அந்தக் கடலில், அதுவும் பகையாளி ஊர்ப் படகில் ஏறி, நாங்கள் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தோம்.

கட்டுமரங்கள் எங்களை வளைத்துக்கொண்டன. முதல் துடுப்பு படகுக்காரர் தோளில் விழுந்தது. அவர் கடலில் குதித்து வடக்கே நீந்தித் தப்பினார். முரளி இரண்டு கையையும் விரித்துப் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றான். “சர்க்கார் மெஷினுப்பா, ஒடைச்சிடாதீங்கப்பா!” அடுத்த துடுப்பு அவன் தலையில் விழுந்தது. தேங்காய் உடைகிற சத்தம். பச்சைக் கோட்டின்மேல் ரத்தம் வழிந்தது. எங்களை இழுத்துக்கொண்டு போய்க் கரையில் தள்ளினார்கள். அங்கே காத்திருந்தவர்கள் காலால் ஆரம்பித்தார்கள்.

ஏழுமலையின் அண்ணன் தேசப்பன்தான் முன்னால் நின்று மிதித்தான். “எந்தம்பி உள்ள கெடக்கறான், நீ அவன் தலமேல தட்டிகினு கீறியா?” அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். ஏழுமலையின் மனைவி அஞ்சலை. சின்னப் பெண், அழுது அழுது குரலே இல்லை.

“மாமா, அடிக்காத. மண்ணுக்குள்ள இன்னா இருந்தாலும் காட்டும்னு மைக்குல சொன்னாங்களே. அவர காட்டச் சொல்லு.”

எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். முரளி வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு உண்மையைச் சொன்னான். “அது ஆளெல்லாம் காட்டாதுங்க. சவுண்டு மண்ணுல எவ்ளோ ஸ்பீடா போவுதுன்னுதான்...”

“மண்ணு தெரியும், மனுசன் தெரியமாட்டானா?” தேசப்பன் ஓங்கி உதைத்தான். “சொல்லுடா, தெரியுமா தெரியாதா?”

“தெரியாதுங்க.” மறுபடி உதை. “தெரியாதுங்க.” மறுபடி. அட பாவி, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தெரியும் என்று சொல்லித் தொலையேன்டா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவன் பல் ஒன்று மணலில் கிடந்தது.

“தெரியும்! நான் காட்டறேன், அவன வுடுங்க!” என்று கத்தினேன்.

தேசப்பன் காலை எடுத்தான். “நீ வந்து காட்டு. இவன் இங்கியே கெடக்கட்டும். தம்பி கெடச்சா இவன் வூட்டுக்குப் போவான்.” கிடைக்காவிட்டால் என்ன என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படகைத் தள்ளும்போது அஞ்சலை தண்ணீரில் இறங்கி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். யாரோ தடுத்தார்கள். “இவ ஏறலாம், நான் ஏறக்கூடாதா?” என்றாள். ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கடலில் சட்டத்தை இறக்கினேன். பச்சைக் கோடு தெரிந்தது. “இது இன்னா?” என்றாள் அஞ்சலை. மணல் என்றேன். கொஞ்சம் தள்ளி மறுபடி இறக்கினேன். “இது?” சேறு. அவள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் முகம் வரும் என்பதுபோல. நான் கரையில் கிடந்த முரளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசைகிறானா இல்லையா என்று அங்கிருந்து தெரியவில்லை. தண்ணீருக்குள் கேட்கிற மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க நாங்கள் ஒரு ஹெட்போன் வைத்திருப்போம். அவள் அதைக் கையில் எடுத்தாள்.

“இதுல இன்னா கேக்கும்?”

“கடல் சத்தம்.”

மாட்டிக்கொண்டாள். நம் கடலுக்கு அடியில் எப்போதும் ஒரு சத்தம் உண்டு, காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டதுபோல. விரலளவுகூட இல்லாத ஒரு ஜாதி எறா, அதாவது இறால், கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம் அது. லட்சக்கணக்கில் கிடக்கும், ஓயவே ஓயாது. அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

“தட்டறாரு. மாமா, பலகைய தட்டறாப்போல தட்டறாரு. உசுரோட கீறாரு மாமா!”

அடுத்த நொடி தேசப்பன் குதித்துவிட்டான். கூட வந்தவர்களும் குதித்தார்கள். முங்கினார்கள், மூச்சு வாங்க மேலே வந்தார்கள், மறுபடி முங்கினார்கள். தேசப்பன் மூக்கில் ரத்தம். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கரையில் முரளியைக் கொன்றிருப்பார்கள். இதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் கிடையாது.

கரையில் காக்கிச் சட்டைகள் தெரிந்தன. தப்பிப்போன படகுக்காரர் போலீசைக் கூட்டிவந்துவிட்டார். கடலில் இருந்து பார்க்கும்போது லத்தி விழுவதுதான் முதலில் தெரியும், சத்தம் பிறகுதான் வரும். பெண்களை முடியைப் பிடித்து இழுத்தார்கள். வலைகளைக் கிழித்தார்கள். ஒரு குடிசையின் கூரை சரிந்தது. தேசப்பன் படகில் ஏறி மோட்டாரைத் திருப்பினான். அஞ்சலை பாய்ந்து அவன் கையைக் கடித்தாள். “வுட்டுட்டுப் போவாதடா! கூப்புடறாருடா!” கணவனுக்கு அண்ணனை அவள் டா போட்டாள். ஹெட்போனைக் கழற்றவே விடவில்லை. கடைசியில் ஒயர் பிய்ந்துதான் வந்தது.

கரை ஏறியதும் தேசப்பனின் முட்டியில் லத்தி இறங்கியது. “தம்பியத் தேடப் போனார் சார், அடிக்காதீங்க!” என்று நான் கத்தினேன். “நீங்க ஜீப்ல ஏறுங்கம்மா” என்றார் இன்ஸ்பெக்டர், குழந்தையிடம் சொல்வதுபோல. மறுநாள் ஏழுமலையின் பிணம் தெற்கே கடப்பாக்கம் பக்கம் ஒதுங்கியது. ஊர் ஆண்கள் பாதிப் பேர் லாக்கப்பில், மீதிப் பேர் தலைமறைவு. பெண்களே தூக்கிக்கொண்டு போனார்களாம். முரளி செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தலையில் தையலோடு பிழைத்துக்கொண்டான். பிற்பாடு மதுராந்தகத்தில் செல்போன் கடை வைத்தான். கடல் பக்கம் அவன் வருவதில்லை. நான் ஜெர்மனிக்கு விண்ணப்பம் போட்டேன், கீல் நகரத்தில் இடம் கிடைத்தது, வந்துவிட்டேன்.

இங்கேயும் கடலில் ஆள் போவது உண்டு. ஒரு தடவை பார்த்தேன். ஹெலிகாப்டர் வந்தது, முக்குளிப்பவர்கள் வந்தார்கள், போனவனின் மனைவியைப் போர்வை போர்த்திக் காருக்குள் உட்கார வைத்தார்கள். கரையில் கூடியவர்கள், போலீஸ் கட்டிய நாடாவுக்கு இந்தப் பக்கம் பேசாமல் நின்றார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. எவ்வளவு நாகரிகம் என்று நினைத்தேன். அந்தக் காரின் கதவைத் திறந்து அவளைக் கட்டிக்கொள்ள ஒருத்தர்கூட இல்லையே என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மையாகவே நினைத்தேன்.

பல வருஷம் கழித்து ஊருக்குப் போனபோது மாமல்லபுரம் மீன் கடையில் அஞ்சலையைப் பார்த்தேன். அவள்தான் அடையாளம் கண்டாள். முன்னால் அரிவாள்மணை, தட்டில் வவ்வால் மீனும் எறாவும்.

“மெஷினு மேடம்தான நீ? உக்காரு. உன்னாண்ட ஒன்னு கேக்கணும்.” கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “அன்னிக்கு அவுரு உசுரோடதான இருந்தாரு? தட்டினுதான இருந்தாரு? நாந்தான வுட்டுட்டு வந்துட்டேன்?”

இத்தனை வருஷமும் இதை வைத்துக்கொண்டா இவள் உலை வைத்தாள், மீன் அறுத்தாள்? ஆமாம் என்றால் கொலை, இல்லை என்றால்தான் உண்மை. சொன்னேன். அவர் அப்போதே போய்விட்டார், நீ கேட்டது எறா, சின்ன ஜாதி எறா கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம், நம் கடலில் எங்கே இறக்கினாலும் கேட்கும் என்றேன்.

அறைந்தாள். இடது கன்னத்தில், மீன் வாடையடிக்கிற ஈரக் கையால். காது கொய்யென்றது. “எறாவா?” மறுபடி அறைந்தாள். “அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடி? தெனம் ராவுல தட்டற சத்தம் கேட்டுகினு கீறேன்டி நானு!” கூட்டம் கூடியது. யாரோ என்னை விலக்கப் பார்த்தார்கள். நான் நகரவில்லை. அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவளுக்குக் கை ஓய்ந்தது. முகத்தை முந்தானையால் அழுத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

“அந்த மெஷினு இன்னும் கீதா?”

“வேற மெஷினு. ஜெர்மனியில. அங்கதான் வேல.”

“அங்கியும் இந்த எறா சத்தம் கேக்குமா?”

“கேக்காது. குளிரான கடலு. அந்த எறா அங்க கெடையாது.”

“ஒன்னும் கேக்காதா?”

“ஒன்னும் கேக்காது.”

“அப்ப இன்னா மயித்துக்கு அங்க போய்க் கேட்டுகினு கீற?”

கேட்டுவிட்டு அவள் அடுத்த மீனை எடுத்து அறுக்க ஆரம்பித்துவிட்டாள். இங்கே கீலில் கருவியை இறக்குமுன் ஹெட்போனை மாட்டிச் சோதிப்பது இன்றும் என் பொறுப்புதான். வலது காதில் மட்டும் மாட்டிக்கொள்கிறேன். அதில் பால்டிக் கடல், சில்லென்று, ஒரு சத்தமும் இல்லாமல். அஞ்சலை அறைந்த இடது காதை மூடுவதில்லை, அவள் கேள்வி அதில் இன்னும் ஓயவில்லை. கேட்கிறவர்களிடம் காது வலி என்று சொல்லியிருக்கிறேன்.